காய்ச்சல் விட்ட நாள்

எங்கள் கம்பெனியில் கொசுவை அடிக்கக் கூடாது. இது அரசாங்கம் போட்ட விதியல்ல, நான் போட்டது. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவர் காலில் கொசு கடிக்கிறதே என்று படீரென்று ஓர் அடி அடித்தால், முன்னால் இருக்கும் மருந்துத் தட்டு குலுங்கும். பொடி சிதறும். பட்டாசு மருந்து சிதறினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அதனால், கடித்தால் வாயால் ஊதுங்கள், ஊதியும் போகாவிட்டால் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கொசுவர்த்திச் சுருள் பற்றிக் கேட்கவே வேண்டாம். தீப்பெட்டியைக் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சுருளை யார் கொளுத்துவது?

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. விஸ்வநத்தம் பக்கம் நடுத்தரமான ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். போர்மேன் என்றால் முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். வாங்கிய திட்டை இரட்டிப்பாக்கி ஒரு பக்கம் மட்டும் திருப்பிக் கொடுப்பேன். எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

சிக்குன்குனியா வந்து ஊரையே முடக்கிப் போட்டதற்கு மறுவருஷம் அது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆர்டர் மேல் ஆர்டர். லோடு ஏற்ற லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணம் காதுகுத்து எல்லாம் தள்ளிப்போகும். காய்ச்சலும் தள்ளிப்போக வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்காது. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள், நடுவில் வேப்பமரங்கள் நிற்கும். ஒவ்வோர் அறை வாசலிலும் மணல் நிறைத்த சிவப்பு வாளியும், தீயணைக்க ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீரும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பது அந்தத் தொட்டியைத்தான். எங்களிடம் இருபத்து நான்கு தொட்டிகள். வீட்டுக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற ஊரில், என் தொட்டிகள் இருபத்து நான்கும் தளும்பத் தளும்ப நிற்கும். வெயிலில் வற்றிய அளவுக்கு மட்டும் மேலே ஊற்றி நிரப்புவோம், அவ்வளவுதான். தீ பிடித்தால் ஒழிய அந்தத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. கை கழுவ மொண்டால் கூடக் கத்துவேன். அதிகாரி ஒருமுறை முதலாளியிடம், உங்க போர்மேன் பரவாயில்லையே என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

புஸ்வாண அறையில் என் மதினி வேலை பார்த்தாள். சொந்த அண்ணன் மனைவி. அண்ணனுக்குத் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் வேலை. காலண்டர் வேலை தொடங்கிவிட்டதால் அவனும் இரண்டு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். மதினியை நான்தான் கம்பெனிக்குக் கூட்டிவந்தேன். அலுமினியப் பொடி படிந்து கையும் காலும் வெள்ளி பூசினது போல மின்ன, நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழாய்களில் மருந்து அடைப்பாள். வேலையில் கெட்டிக்காரி. வாயிலும் கெட்டிக்காரி.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, இங்கன வந்து பாருங்க. தண்ணியில புழு நெளியுது. கொட்டிட்டு வேற புடிக்கச் சொல்லுங்க.”

“ஏன் மதினி, தீ புடிச்சா புழு கெடக்குன்னு அணையாமப் போயிருமா?” என்றேன்.

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். போர்மேன் நகைச்சுவை சொன்னால் சிரித்துத்தானே ஆக வேண்டும்? மதினி மட்டும் சிரிக்கவில்லை. “பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல” என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவப் போனாள். அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இன்று அந்த வாக்கியத்தை எழுதும்போது காது சுடுகிறது.

அடுத்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் ஒரு கரண்டியும் டார்ச் லைட்டும். சுற்று வட்டாரத்தில் காய்ச்சல் வருகிறது, தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். கேட்டிலேயே நிறுத்தினேன்.

“டார்ச் லைட்டெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. பேட்டரி. ஒரு பொறி போதும்.”

“அப்ப இதை இங்கனயே வச்சுட்டு வாரேன் சார். பகல் வெளிச்சத்துலயே பாத்துக்கிடுவேன்.”

அவள் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு டார்ச் ஒரு சாக்கு. ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்று கணக்கு இருக்கிறது. சீசன் அவசரத்தில் அதற்கு மேல் ஆள் எடுத்து, மூன்றாம் வரிசை அறைகளுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தேன். அவள் கண்ணில் பட்டு, அவள் யாரிடமாவது சொல்லி, அது பெரிய இடத்துக்குப் போனால் என் தலை உருளும். தொட்டியெல்லாம் வாராவாரம் தேய்த்துக் கழுவுகிறோம் என்று சொன்னேன். “அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்” என்று அட்டையை நீட்டினாள். போட்டேன். அழகான கையெழுத்து எனக்கு. அவள் வெயிலில் அடுத்த கம்பெனிக்கு நடந்து போனாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மதினி காய்ச்சலில் விழுந்தாள். முதல் நாள் மாலை கம்பெனியிலிருந்து கிளம்பும்போதே கண்ணைத் திறக்க முடியவில்லை, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். இடுப்பும் முழங்காலும் ஒடிந்து விழுவது போல வலி. எங்களுக்கெல்லாம் போன வருஷத்துப் பாடம் நினைவிருந்தது. “சிக்குன்குனியாதான். ஆளக் கொல்லாது, நாலு நாள் மொடக்கிப் போடும்” என்று நானே வைத்தியம் சொன்னேன். கம்பெனி முதலுதவிப் பெட்டியில் வலி மாத்திரை இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பு வலிக்கு விழுங்குகிற கடுமையான மாத்திரை. ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். இலவசமாகக் கொடுத்ததால் பெரிய மனது என்று எனக்கே தோன்றியது.

நாலு நாள் அவள் வரவில்லை. புஸ்வாண அறையில் வேலை தேங்கியது. அவள் இடத்தில் உட்கார்ந்தவர் அவள் வேகத்தில் பாதிகூட இல்லை. முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் நானே பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தங்கலுக்குப் போனேன். அண்ணன் ஷிப்டுக்குப் போயிருந்தான். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

“காய்ச்சல் விட்டுருச்சே மதினி! பெறகென்ன? வாங்க, வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்.”

“வயிறு வலிக்கி. எந்திரிச்சா கண்ண இருட்டுது.”

“நாலு நாளாச் சாப்பிடல, அதான். ஒரு வாய் கஞ்சியக் குடிங்க. உக்காந்து செய்யற வேலைதான?”

உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று சொன்ன நான் ஒருநாளும் அந்த அறையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். போர்மேன் என்று பார்த்தாளா, கொழுந்தன் என்று பார்த்தாளா தெரியாது. எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னேன். பகல் ஒரு மணிக்கு அறை வாசலில், தொட்டிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். தூக்கும்போது கை ஐஸ் மாதிரி இருந்தது. பல் ஈறில் ரத்தம். லோடு வண்டியில் அட்டைப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளைக் கிடத்திச் சிவகாசிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த மருத்துவர் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவள் கையில் கட்டிக் கொஞ்ச நேரம் இறுக்கி வைத்துவிட்டு அவிழ்த்தார். முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பின. அவர் அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை, ஆம்புலன்ஸை வரவழைத்து விருதுநகருக்கு அனுப்பிவிட்டார்.

விருதுநகரில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சல் எப்போது விட்டது என்பது. இன்னைக்குக் காலையில் என்றேன். அச்சகத்திலிருந்து அப்படியே மை படிந்த கையோடு ஓடிவந்திருந்த அண்ணன், “காய்ச்சல்தான் விட்டுருச்சே சார், பெறகு ஏன் இப்படி?” என்று கேட்டான்.

“டெங்குல அப்பதாங்க கண்டமே. காய்ச்சல் அடிக்கிற வரைக்கும் பயம் கம்மி. காய்ச்சல் விட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்தக் குழாய்க்குள்ள இருக்கிற நீர்ச்சத்து வெளிய கசிய ஆரம்பிக்கும். பிரஷர் எறங்கும், கை கால் சில்லிடும், வயிறு வலிக்கும். நீங்க எல்லாரும் காய்ச்சல் விட்டுச்சுன்னு சந்தோஷமா வேலைக்கு அனுப்பிருவீங்க.” நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்ன மாத்திரை குடுத்தீங்க?”

பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. டெங்குவில் அந்த வகை வலி மாத்திரை ரத்தக் கசிவை அதிகமாக்கும், வெறும் பாராசிட்டமால் தவிர எதையும் தொடக் கூடாது என்றார். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. யார் இவங்களை வேலைக்குப் போகச் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

“அவளாத்தான் போயிருக்கா சார். வீட்ல சும்மா இருக்க மாட்டா” என்றான் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அவன் எப்படி இருப்பான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் அவள் எங்களுக்கு உண்டா இல்லையா என்று தெரியவில்லை. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏறியது. ஏற்றுவதிலும் அளவு உண்டு, கூடினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ்கள் மணிக்கொரு தரம் வந்து பார்த்தார்கள். அண்ணன் வார்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க முடியும் என்னால்? கேட்டில் நின்ற பெண், அட்டையில் போட்ட கையெழுத்து, எலுமிச்சம்பழம் எல்லாம் மாறி மாறி வந்தன. நான்தான் இவளைக் கொன்றேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். மனதுக்குள்தான்.

நாலாம் நாள் ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்தது. இனிப் பயமில்லை என்றார்கள். அன்று காலையில் அதே சுகாதாரத் துறைப் பெண் வார்டுக்கு வந்தாள். ஒரு டெங்கு நோயாளி வந்தால் அவர் எங்கே இருக்கிறார், பகலில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் போவது அவர்கள் வேலை. இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், அதிக தூரம் பறக்காது, நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று அண்ணனிடம் விளக்கிச் சொன்னாள். காலில் வெள்ளைப் பட்டை இருக்குமாம். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் மதினியிடம்தான் கேட்டாள்.

“நீங்க வேலை பாக்குற எடத்துல தண்ணி தேங்கிக் கெடக்குமாக்கா?”

மதினி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது.

“இல்லம்மா. தொட்டியெல்லாம் வாராவாரம் தேச்சுக் கழுவிருவாக. எங்க கொழுந்தன்தான் போர்மேன்.”

“ஆமா, சாரும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டுருக்காரு” என்றாள் அந்தப் பெண். பிறகு வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் திருத்தங்கலில் அண்ணன் தெருவுக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அடுத்து வர இன்னும் மூன்று நாள். வீட்டுக்கு வீடு டிரம், குடம், அண்டா என்று பிடித்து வைத்திருந்ததை எல்லாம் சாய்த்து விட்டார்கள். தெருவே அண்ணன் வீட்டைப் பார்த்து வைதது. “ஒரு வீட்டுக்கு நோவு வந்ததுக்கு ஊரு வாயில மண்ணா?” என்று ஒரு அம்மாள் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்வீட்டு டிரம்மைச் சாய்க்க ஆள் பற்றவில்லை என்று போய் ஒரு கை கொடுத்தேன். அந்தத் தண்ணீர் சாக்கடையில் ஓடியதை நின்று பார்த்தேன். அந்தத் தெருத் தொட்டிகளிலும் புழு இருந்திருக்கலாம், எந்தக் கொசு எங்கே கடித்தது என்று யார் கண்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு வக்கீல் வைத்து வாதாடியது.

அன்று சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகு கம்பெனித் தொட்டிகள் ஒவ்வொன்றிலும் அடியில் இருக்கிற துணி அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். புழுக்கள் மண்ணில் துடித்தன. மறுபடி அடைத்து, குழாய் போட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. காரியம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

மதினி வீடு திரும்பிப் பத்து நாள் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முடி கொட்டியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டாவது வார்த்தையிலேயே அழுதுவிட்டேன். தொட்டியைத் தேய்த்ததே இல்லை, பொய்க் கையெழுத்துப் போட்டேன், மாத்திரை கொடுத்தது தப்பு, அன்றைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனது அதைவிடத் தப்பு என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதா? புழு கெடக்குன்னு உங்ககிட்ட சொன்னவளே நாந்தான?”

“தெரிஞ்சும் ஆஸ்பத்திரியில எனக்காகப் பொய் சொன்னீகளே மதினி.”

“உங்களுக்காகவா?” என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “கம்பெனிய வந்து பாத்தா மரத்தடியில உக்காந்துருக்க ஆள எல்லாம் பாப்பாக. பாத்தா பூட்டுவாக. தீபாவளிக்கு முன்னால பூட்டுனா அங்கன இருக்க பொம்பளைக எங்க போவாக? வருசத்துல வயிறு நெறையறது இந்த ஒரு சீசன்தான். அதுக்குச் சொன்னேன். உங்களுக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

இத்தனை நாளும், தப்புச் செய்தவனைக்கூட விட்டுக்கொடுக்காத மதினி என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அந்த உருக்கத்தில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது. அவள் சாகக் கிடந்த கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தது தன்னோடு வேலை பார்த்த பெண்களைப் பற்றி. நான் அதைக்கூட என் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

“அது கெடக்கட்டும். தொட்டிய என்ன பண்ணீக?”

“அன்னைக்கே தண்ணிய எல்லாம் தெறந்துவிட்டுட்டு வேற புடிச்சுட்டேன் மதினி.”

“தேச்சீகளா?”

நான் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“தேச்சீகளான்னு கேக்கேன். அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில அம்புட்டுத் தெளிவாச் சொல்லுச்சே. முட்டையத் தண்ணிக்குள்ள போடாதாம், விளிம்புல சுவரோட ஒட்டி வைக்குமாம். காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல சாகாதாம். தேச்சாத்தான் போகும்னுச்சு. நீங்க புதுத் தண்ணியப் புடிச்சு அதுக்கு விருந்து வச்சிருக்கீக.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அழுதது போதும், போங்க. போயித் தேய்ங்க.”

அந்தப் பெண் சொன்னபோது நானும் அந்த வார்டில்தான் நின்றேன். காய்ச்சலில் கிடந்தவள் காதில் விழுந்தது என் காதில் விழவில்லை. என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று பகல் முழுவதும் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் வைத்துத் தேய்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சிமெண்டில் ஒட்டிக்கொண்டு கறுப்பாகப் பொடிப் பொடியாக இருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டு போனால்தான் தெரியும். தண்ணீரிலோ மறுபடியும் புழு நெளிந்தது. இருபத்து நான்கு தொட்டி முடித்தபோது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதுவாவது வலித்ததே என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கு எடுத்தேன். புஸ்வாண வரிசையில் இரண்டு பேர் இல்லை. இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று சொன்னார்கள்.

நேரே முதலாளியிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கத்தி முடிக்கும் வரை நின்றுவிட்டு, சுகாதார நிலையத்துக்குப் போய் அந்தப் பெண்ணை நானே கூட்டிவந்தேன். அவளோடு வந்த அதிகாரிகள் மரத்தடியையும் பார்த்தார்கள். கம்பெனியைப் பூட்டவில்லை, ஆனால் கணக்குக்கு மேல் இருந்தவர்களை அன்றே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னைச் சபித்தபடி போனார்கள். மதினி எதற்குப் பயந்தாளோ அதில் பாதி நடந்தது. அதையும் நான்தான் செய்தேன்.

காய்ச்சல் வந்த இருவரில் ஒருத்தி கல்யாணமாகாத பெண். மத்தியானம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். அம்மாவும் மகளும் மட்டும்தான். உள்ளே பாயில் பெண் படுத்திருந்தாள். அம்மாவுக்கு என்னைத் தெரியாது; காய்ச்சல் என்று விசாரித்து வந்ததால் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்துவிட்டாள். உட்காரச் சொன்னாள். நானும் திருத்தவில்லை. மருத்துவர் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வேண்டும். கஞ்சி, இளநீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ட வலி மாத்திரை கூடாது. வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

“முக்கியமா ஒண்ணும்மா. காய்ச்சல் விட்டுருச்சுன்னு வேலைக்கு அனுப்பிறாதீக. அப்பதான் ஆபத்து.”

அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். “நல்லாச் சொன்னீகய்யா. நான் அனுப்ப மாட்டேன். ஆனா அந்தக் கம்பெனி போர்மேன் விட மாட்டானே. காய்ச்சல் விட்ட அன்னைக்கே ஒரு பொம்பளைய வீடு தேடி வந்து இழுத்துட்டுப் போயி சாகக் கெடத்திட்டானாம். சொந்த மதினியவாம்! கம்பெனி பூராவும் இதான் பேச்சுன்னு எம் மக வந்து சொன்னா. கூடப் பெறந்தவன் பொண்டாட்டிக்கே அந்தக் கதின்னா எம் மகள விட்டு வப்பானா?”

யாருக்கும் தெரியாது என்று நான் மூடி மூடி வைத்தது, அந்த அறைகளில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் அவர்கள் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

“அந்தப் போர்மேன் நான்தாம்மா” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன், பயப்படவில்லை. எழுந்து போய் மகள் படுத்திருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் வந்து நின்றாள்.

“அப்ப நேர்லயே சொல்லிர்றேன்” என்றாள். “எம் மக வர மாட்டா.”